சக்கர நாற்காலி மெத்தையில் காற்று எவ்வளவு வேண்டும்? கையால் பார்த்துச் சொல்லலாம்

வெகுநேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் நமக்குக் கடுக்கும், தானாக நெளிவோம். தண்டுவடத்தில் அடிபட்டு உணர்வு போனவருக்கு அந்தக் கடுப்பு தெரியாது. புட்டத்தின் அடியில் இருபுறமும் தட்டுப்படும் எலும்பு முனைகள் சதையை நசுக்கிக்கொண்டே இருக்கும். எலும்பை ஒட்டிய சதைதான் பல நேரம் முதலில் சாகிறது. அதனால் தோலில் சின்னதாகத் தெரியும் புண்ணுக்கு உள்ளே பெரிய குழி இருக்கலாம்.

குமிழ் குமிழாக உள்ள காற்று மெத்தை நல்லதுதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அதைப் பந்துபோல் கெட்டியாக ஊதி வைக்கிறார்கள். கெட்டியான மெத்தையில் உடம்பு அமிழாது, பாரம் முழுக்க எலும்பு முனையிலேயே நிற்கும்.

முதலில் சற்று அதிகமாகவே காற்றடித்து, கால்பலகையில் கால் வைத்து அவரை உட்கார வையுங்கள். ஒரு தொடையை லேசாகத் தூக்கி, மெத்தைக்கும் புட்டத்துக்கும் நடுவே கையை விட்டு, மிகத் தாழ்ந்த எலும்பு முனையைத் தேடிப் பிடியுங்கள். தொடையை இறக்கிவிட்டு, கையை அங்கேயே வைத்துக்கொண்டு வால்வைத் திறந்து மெல்லக் காற்றை விடுங்கள். விரல் நுனி மட்டும் அசைய இடமிருக்கும்போது மூடிவிடுங்கள். எலும்புக்கும் மெத்தையின் அடித்தளத்துக்கும் இடையே சுமார் 1.5 முதல் 2.5 செ.மீ. இருக்க வேண்டும். மறுபக்கமும் பாருங்கள். விரல் அசையவே இல்லையென்றால் காற்று போதாது. இதைத் தினமும் பார்க்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போய் வந்தாலும் மறுபடி பாருங்கள். உயரம் மாறினால் மெத்தையின் அழுத்தமும் மாறும்.

ஃபோம் மெத்தை என்றால், அவர் உட்கார்ந்திருக்கும்போது அதன் அடியில் கையை விடுங்கள். எலும்பு கையில் குத்தினால் ஃபோம் செத்துவிட்டது, மாற்றுங்கள். நடுவில் ஓட்டையுள்ள ரிங் மெத்தை வேண்டவே வேண்டாம். ஓட்டையின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். மெத்தைமேல் மடித்த போர்வையோ ரெக்சினோ விரித்தால், அது தொட்டில்போல் இழுத்துப் பிடித்து மெத்தையின் வேலையைக் கெடுத்துவிடும்.

நாற்காலியின் ரெக்சின் தொய்ந்திருந்தால், முனை மழுக்கிய பிளைவுட் பலகையை மெத்தைக்கு அடியில் போடுங்கள். மெத்தை போட்டதும் உட்காரும் உயரம் கூடிவிடும், கால்பலகையையும் அதற்கேற்ப மாற்றியாக வேண்டும். கால்பலகை உயர்ந்திருந்தால் முழங்கால் மேலே போய் பாரமெல்லாம் புட்டத்தில் இறங்கும். தாழ்ந்திருந்தால் அவர் முன்னால் சறுக்கி வால் எலும்பில் தோல் இழுபடும். தொடை முழுதும் மெத்தையில் படிய, முழங்காலின் பின்புறத்துக்கும் மெத்தையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் சரி.

எந்த மெத்தையானாலும் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை பாரத்தை மாற்ற வேண்டும். கைகளை ஊன்றிப் பத்து விநாடி எழும்புவது போதாது, ரத்தம் திரும்பி ஓட ஏறக்குறைய 2 நிமிடம் வேண்டும். நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு உருட்டி, சிறு சக்கரங்கள் முன்நோக்கித் திரும்பியதும் பிரேக் போட்டு, முழங்கைகளை முழங்காலில் ஊன்றி முன்னால் குனியட்டும். குனியும்போது அவர் உடம்பு நிலையாக நிற்காது என்றால், ஒருவர் முன்னால் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரவில் தோலைப் பாருங்கள். நம் கருத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். புறங்கையால் தொட்டு, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா, நிறம் இன்னும் கருத்திருக்கிறதா என்று கவனியுங்கள். அரைமணி நேரத்தில் மாறவில்லையென்றால் அது சரியாகும்வரை அந்த இடத்தில் பாரம் படக்கூடாது. தேய்த்துவிடாதீர்கள். தோல் உரிந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.