ஒரே அறையில் வில்லுப்பாட்டுக் குழுவைப் பதிவு செய்தல்: ஒலிக்கசிவைக் குறைக்கும் மைக்கைத் தேர்ந்தெடுக்கும் முறை

பங்குனி, சித்திரை மாதக் கோயில் கொடை விழாக்களுக்கு முன்பாகத் தங்கள் பாட்டை ஒழுங்காகப் பதிவு செய்து யூடியூபில் ஏற்ற வேண்டும் என்று விரும்பும் வில்லிசைக் குழுக்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பல உண்டு. பெரிய ஸ்டுடியோக்களில் செய்வதைப் போல ஒவ்வொருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைப்பது இந்தக் கலைக்கு ஒத்துவராது. தலைமைப் பாடகரான புலவரின் வீசுகோல் (வில்லைத் தட்டும் கோல்) நாணில் இறங்குவதைக் கண்ணால் பார்த்துத்தான் குடக்காரரும் உடுக்கைக்காரரும் அடி சேர்க்கிறார்கள். எனவே அனைவரும் ஓர் அறையில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அப்படி உட்கார்ந்தால் புலவரின் மைக்கில் குடமும், உடுக்கையின் மைக்கில் ஜால்ராவும் புகுந்துவிடும். இந்தக் கசிவினால், பின்னர் மிக்ஸிங்கில் பாடகரின் குரலைச் சற்றே உயர்த்தினாலும் குடமும் கூடவே உயர்கிறது. ஒரே அடி இரண்டு மைக்குகளில் சிறு கால இடைவெளியில் பதிவாவதால் ஒலி வெற்றுக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது.

கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மைக் எதை நன்றாகக் கேட்கும் என்றே விசாரிக்கிறார்கள். ஒரே அறையில் பலரைப் பதிவு செய்யப் போகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது, அது எந்தத் திசையில் கேளாது என்பதைத்தான்.

படி 1: உட்காரும் இடத்தை வரைந்துகொள்ளுங்கள்

மைக் வாங்குவதற்கு முன்பே ஒரு தாளில் அறையை வரைந்து, யார் எங்கே உட்காரப்போகிறார் என்று குறியுங்கள். மேடையில் அனைவரும் பார்வையாளர்களை நோக்கி ஏறத்தாழ ஒரே வரிசையில் இருப்பது வழக்கம். பதிவறையில் பார்வையாளர்கள் இல்லாததால் அந்த வரிசையைக் கலைக்கலாம். புலவர் நடுவில் இருக்க, மற்றவர்கள் இருபுறமும் சற்று முன்தள்ளி, அவர் முகத்தையும் கையையும் பார்க்கும்படி அரைவட்டமாக அமர்ந்தால் பாட்டும் கெடாது, மைக்குக்கும் வேலை எளிதாகும்.

ஒன்றை மட்டும் பிரிக்க முயல வேண்டாம். வில் குடத்தின் கழுத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால் குடத்தில் விழும் அடி வில்லையும், நாணில் விழும் அடி குடத்தையும் அதிரச் செய்யும். வில், அதில் தொங்கும் மணிகள், குடம் ஆகியவற்றை ஒரே கருவியாகக் கருதித் திட்டமிடுங்கள்.

படி 2: மைக்கின் கேளாத பக்கத்தை அறியுங்கள்

மைக் எந்தெந்தத் திசையில் எவ்வளவு கேட்கும் என்பதைப் போலார் பேட்டர்ன் என்கிறார்கள். ஆம்னி வகை எல்லாத் திசைகளிலும் ஒரேபோல் கேட்கும். சட்டையில் குத்தும் காலர் மைக்குகளில் பல இந்த வகை என்பதால் நம் வேலைக்கு அவற்றை விட்டுவிடலாம்.

கார்டியாய்டு வகையின் வரைபடம் வெற்றிலை போல இருக்கும்: இலையின் விரிந்த பாகம் பாடுபவரை நோக்கியிருக்கிறது என்றால், காம்பு இருக்கும் குழிவுதான் கேளாத பக்கம். அதாவது மைக்கின் நேர் பின்புறம், 180 பாகையில், அது மிகக் குறைவாகக் கேட்கும். பக்கவாட்டில், 90 பாகையில், குறைவது 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) மட்டுமே.

சூப்பர் கார்டியாய்டு பக்கவாட்டில் ஏறத்தாழ 9 டெசிபல் குறைத்துக் கேட்கிறது. ஆனால் அதன் கேளாத இடம் நேர் பின்னால் இல்லை; இருபுறமும் ஏறத்தாழ 126 பாகையில் இருக்கிறது. நேர் பின்புறம் அதற்கு ஓரளவு கேட்கும். ஹைப்பர் கார்டியாய்டுக்குக் கேளாத இடங்கள் ஏறத்தாழ 110 பாகையில் உள்ளன. பக்கவாட்டில் 12 டெசிபல் குறைகிறது, பின்புறமோ 6 டெசிபல் மட்டுமே குறைகிறது. ஃபிகர் எய்ட் வகை முன்னும் பின்னும் ஒரே அளவில் கேட்டு, இரு பக்கங்களிலும் 90 பாகையில் ஏறக்குறைய முழுவதுமாகக் காதை மூடிக்கொள்ளும்.

படி 3: பெட்டியில் உள்ள வரைபடத்தைப் படியுங்கள்

மைக் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் தாளைப் பலரும் பிரிப்பதே இல்லை. அதில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு வரைபடம் இருக்கும். மேலே 0 என்று குறித்த இடம் மைக்கின் முன்புறம். கோடு எந்தப் பாகையில் வட்டத்தின் மையத்தை நோக்கி உள்ளே இறங்குகிறதோ அதுதான் கேளாத திசை. ஒரே கோடாக இல்லாமல் 250, 1000, 4000 ஹெர்ட்ஸ் என்று பல கோடுகள் இருக்கும். அவை ஒன்றையொன்று ஒட்டிச் சென்றால் நல்லது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் விலகினால், கசிந்து வரும் ஒலி நிறம் மாறி, அடைத்த குரல் போல வரும். எவ்வளவு கசிகிறது என்பதைப் போலவே, கசிந்தது எப்படிக் கேட்கிறது என்பதும் முக்கியம். பெரிய டயாஃபிரம் (ஒலியில் அதிரும் மெல்லிய சவ்வு) கொண்ட கண்டென்சர் வகை மைக்குகளை விடச் சிறிய டயாஃபிரம் கொண்டவற்றில் இந்தக் கோடுகள் பொதுவாக ஒட்டிச் செல்கின்றன.

படி 4: இருக்கைக்கும் மைக்குக்கும் பொருத்தம் பாருங்கள்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். புலவரின் வாய்க்கு 10 சென்டிமீட்டர் முன்னால் மைக் இருக்கிறது. அவருக்குப் பக்கத்தில், அதே வரிசையில், ஒரு மீட்டர் தள்ளி உடுக்கைக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மைக்கின் பார்வையில் உடுக்கை பின்னால் இல்லை. ஏறக்குறைய நேர் பக்கவாட்டில், அதாவது கார்டியாய்டு வெறும் 6 டெசிபல் குறைத்துக் கேட்கும் இடத்தில் இருக்கிறது. மேடை வரிசையிலேயே உட்கார்ந்து கார்டியாய்டு மைக் வைத்துவிட்டு, கசிவு போகவில்லையே என்று மைக்கைக் குறை சொல்வதில் பயனில்லை.

அதே உடுக்கைக்காரர் மைக்கிலிருந்து ஒரு மீட்டர் பக்கவாட்டில் இருந்தபடியே, மைக் இருக்கும் கோட்டைத் தாண்டி முக்கால் மீட்டர் அளவு முன்னால் நகர்ந்தால் அவர் சரியாக 126 பாகைக்கு வந்துவிடுவார். அது சூப்பர் கார்டியாய்டின் கேளாத இடம். 35 சென்டிமீட்டர் மட்டுமே நகர இடமிருக்கிறது என்றால் ஹைப்பர் கார்டியாய்டு பொருந்தும். நகரவே இடமில்லாத சிறிய அறையில் ஃபிகர் எய்ட் வகையே சிறந்தது. ஆனால் அதன் பின்புறமும் கேட்கும் என்பதை மறக்கக் கூடாது.

புலவருக்கு நான் பரிந்துரைப்பது கார்டியாய்டு. வில்லும் குடமும் அவருக்கு முன்னால், கீழே இருக்கின்றன. மைக்கை அவருடைய மோவாய்க்குக் கீழிருந்து வாயை நோக்கி மேலே சாய்த்து வைத்தால், அதன் வால் பக்கம் நேராகக் குடத்தைப் பார்க்கும். அறையிலேயே உரத்த கருவி கேளாத பக்கத்தில் அடங்கிவிடும். அதே இடத்தில் சூப்பர் கார்டியாய்டை வைத்தால், அதன் பின்புறம் ஓரளவு கேட்பதால், குடம் அதில் கூடுதலாக நுழையும். விலை அதிகம் என்பதற்காக ஒரு மைக் எல்லா இடத்துக்கும் பொருந்திவிடாது.

உடுக்கைக்கும் பின்பாட்டுக்கும் சூப்பர் கார்டியாய்டு நன்று, ஏனெனில் அவர்களுக்கு இரைச்சல் பெரும்பாலும் சாய்வாகவே வருகிறது. பின்பாட்டுக்காரர் இருவர் என்றால், அவர்களை எதிரெதிரே உட்கார வைத்து நடுவில் ஒரு ஃபிகர் எய்ட் மைக்கை வைப்பது நேர்த்தியான வழி. ஜால்ராவும் உடுக்கையும் அதன் இரு பக்கங்களில் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதிரிக்குச் சில பெயர்கள்: ஷூர் எஸ்.எம். 58, எஸ்.எம். 57, செனைசர் இ 835 ஆகியவை கார்டியாய்டு; ஷூர் பீட்டா 58ஏ, செனைசர் இ 845, ஏ.கே.ஜி. டி5 ஆகியவை சூப்பர் கார்டியாய்டு. ஏ.கே.ஜி. சி414 போன்ற கண்டென்சர்களில் பேட்டர்னை மாற்றும் சுவிட்சே உண்டு; தொடக்கத்திலேயே அவ்வளவு செலவு தேவையில்லை.

படி 5: டைனமிக்கா, கண்டென்சரா?

டைனமிக் மைக்கில் கசிவு வராது, கண்டென்சரில் வரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இது பாதி உண்மை. டைனமிக் மைக்கின் உணர்திறன் குறைவு என்பதால் கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை, கூட்டுகிறோம். கூட்டும்போது குரலும் கசிவும் சேர்ந்தே உயர்கின்றன. ஒரே பேட்டர்ன், ஒரே இடம், ஒரே தூரம் என்றால் இரண்டிலும் கசிவு கிட்டத்தட்ட ஒரே அளவுதான். பிறகு ஏன் டைனமிக் சுத்தமாகக் கேட்கிறது? அதை வாயருகே வைத்துப் பாடுகிறார்கள்; மேலும் மிக உயர்ந்த ஒலியலைகளை அது குறைவாக எடுப்பதால் ஜால்ராவின் கூர்மை மழுங்குகிறது. ஜால்ராவும் மணியும் உள்ள நம் குழுவுக்கு இந்தக் குறை ஒரு நன்மை. ஆகவே தொடக்கநிலையாளர்கள் டைனமிக் மைக்கையே வாங்கலாம், காரணத்தைத் தெரிந்துகொண்டு வாங்கினால் போதும்.

படி 6: நெருங்கி வையுங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள்

தூரம் இரட்டிப்பானால் நேரடி ஒலி 6 டெசிபல் குறைகிறது. வாய்க்கும் மைக்குக்கும் 10 சென்டிமீட்டர், குடத்துக்கும் அந்த மைக்குக்கும் ஒரு மீட்டர் என்றால், இரண்டும் ஒரே உரப்பில் ஒலித்தாலும் தூரத்தினாலேயே குரல் 20 டெசிபல் முந்திக்கொள்கிறது. மைக்கை 30 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் அந்த முந்துதல் ஏறத்தாழ பாதியாகிவிடும். நெருங்கிப் பாடும்போது இந்த மைக்குகள் அடிநாதத்தைப் பெருக்கிக் காட்டும் என்பதால், 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை, தாழ்ந்த ஒலிகளை நீக்கும் ஹைபாஸ் ஃபில்டரால் வெட்டிவிடுங்கள். மைக்கின் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அதைத் தடுத்தாக வேண்டும். பின்புறத் துளைகள் அடைபட்டால் எந்த மைக்கும் ஆம்னியைப் போல நடந்துகொள்ளும்.

இரண்டு மைக்குகளுக்கு இடையிலான தூரம், ஒரு மைக்குக்கும் அதன் கருவிக்கும் இடையிலான தூரத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. குடத்துக்கு 20 சென்டிமீட்டரில் மைக் என்றால், அடுத்த மைக் 60 சென்டிமீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். குடத்தின் வாய்க்கு நேர் மேலே மட்டும் வைக்காதீர்கள். பத்தியால் (குடத்தின் வாயில் அடிக்கும் மட்டையால்) அடிக்கும்போது பீறிட்டு வரும் காற்று மைக்கில் மோதிப் பதிவைக் கெடுக்கும். சாய்வாக, விளிம்புக்கு வெளியே வையுங்கள்.

ஜால்ராவுக்கும் தாளக் கட்டைக்கும் மைக்கே வேண்டாம். எப்படியும் அவை எல்லா மைக்குகளிலும் கேட்கும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், மிக்ஸில் சேரும் அறையின் ஒலி ஏறத்தாழ 3 டெசிபல் கூடுகிறது. புலவர், வில்லும் குடமும், உடுக்கை, பின்பாட்டு என்று நான்கு மைக்குகளும், அவற்றைக் கணினியோடு இணைக்க நான்கு மைக் செருகும் இன்டர்ஃபேஸும் தொடக்கத்துக்குப் போதும். கீபோர்டு வாசிக்கும் குழு என்றால் அதற்கு ஸ்பீக்கர் வைத்து மைக் நீட்டாமல் நேராகக் கேபிளில் எடுங்கள். அதற்கு இன்டர்ஃபேஸில் ஓர் உள்ளீடு கூடுதலாகத் தேவைப்படும். வாசிப்பவர் அதைக் கேட்பதற்குக் காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன் கொடுங்கள்.

படி 7: பாடுபவரின் முதுகுக்குப் பின் உள்ள சுவரைக் கவனியுங்கள்

கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் உள்ள வீட்டில், மைக்கின் கேளாத பக்கம் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், அதே குடத்தின் ஒலி எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி மைக்கின் முன்பக்கமாக நுழைந்துவிடும். ஆகவே மெத்தை தொங்கவிட வேண்டிய இடம் பாடுபவரின் பின்னால்தான். பழைய தென்னை நார் மெத்தையோ, இரண்டு மூன்றாக மடித்த ஜமுக்காளமோ சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றால் நடுத்தர, உயர்ந்த ஒலிகளை நன்றாக உறிஞ்சும். குடத்தின் அடிநாதத்தை அது தடுக்காது. தரையிலும் பாய் விரியுங்கள். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்துக் காற்றுக் காலத்தில் சன்னல்களை அடைத்தாக வேண்டும். தகரக் கூரை வீடு என்றால் ஆனி மழையிலும் ஐப்பசி மழையிலும் பதிவை ஒத்திப்போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

படி 8: ஒவ்வொருவராக ஒலிக்கச் செய்து சோதியுங்கள்

எல்லோரும் தத்தம் இடத்தில் அமர்ந்த பிறகு, குடக்காரர் மட்டும் அடிக்க, மற்றவர்கள் அமைதியாக இருக்கட்டும். அப்போது ஹெட்ஃபோனில் புலவரின் மைக்கை மட்டும் கேளுங்கள். ஒருவர் அந்த மைக்கை மெல்ல, ஒரு நேரத்தில் சில பாகை அளவு, திருப்பிக்கொண்டே வர வேண்டும். குடத்தின் ஒலி சட்டென்று மெலியும் இடம் ஒன்று அகப்படும். அங்கே ஸ்டாண்டை இறுக்கிவிடுங்கள். இதையே உடுக்கைக்கும் ஜால்ராவுக்கும் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே மைக்கிலிருந்து விலக்க முடியாது. எது அதிகம் தொல்லை தருகிறதோ அதற்கு முன்னுரிமை கொடுங்கள். புலவரின் மைக்கில் மணியின் ஒலி சிறிது இருப்பதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, குரலும் மணியும் சேர்ந்து கேட்பதுதான் வில்லுப்பாட்டு.

பின்பு இரண்டிரண்டு டிராக்குகளை (மைக் ஒவ்வொன்றின் தனிப் பதிவை) ஒரே ஒலியாகச் சேர்த்து மோனோவில் கேட்டு, ஒன்றின் போலாரிட்டியை மாற்றி, அதாவது அதன் ஒலியலையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். எந்த நிலையில் அடி நிறைவாக ஒலிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகும் என்பதால், ஒரு கைப்பிடி தூரம் மைக்கை நகர்த்தினாலும் இந்த நிறைவு மாறும்.

பாடாத நேரத்தில் டிராக்கை அடைத்துவிடும் கேட் கருவியை இந்தப் பதிவில் பயன்படுத்த வேண்டாம். புலவர் வாய் திறக்கும்போதெல்லாம் குடத்தின் நிறம் மாறி மாறிக் கேட்கும். அது கசிவை விட எரிச்சலூட்டும். ஓர் அடியில் பிழை வந்தால் ஒருவரை மட்டும் மறுபடியும் பாட வைத்து ஒட்டவும் முடியாது, ஏனெனில் பழைய பிழை மற்ற மைக்குகளில் மெலிதாகத் தங்கியிருக்கும். குழு முழுவதும் அந்தப் பகுதியைத் திரும்பப் பாட வேண்டும். கணினியில் எல்லா டிராக்குகளையும் ஒன்றாகத் தொகுத்து, ஒரே இடத்தில், தாளத்தின் தொடக்கமான சமத்தில் விழும் குட அடிக்குச் சற்று முன்னால் வெட்டி இணைக்க வேண்டும்.