சுண்ணாம்பைக் கொட்டுமுன்: வீட்டுத் தோட்டத்தில் ஈயமும் ஆர்செனிக்கும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரபேங்க் பக்கம் இடம் குறைவு. அதனால் கீரைப் பாத்தி சுவரோரமோ வேலியோரமோ போய்விடும். வில்லங்கமும் அங்கேதான். பழைய சுவரில் உரிந்த பெயின்ட் தூளில் ஈயம் இருக்கலாம். சாலையோர மண்ணில் 2006 வரை ஓடிய ஈயப் பெட்ரோலின் புகை படிந்திருக்கும். பச்சைச் சாயல் தெரியும் வேலிக் கம்பம் பெரும்பாலும் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தில் ஊறியது.

சுவரடி, கம்பத்தடி, நடுத்தோட்டம் மூன்றிலும் மண்ணைத் தனித்தனியாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் 8 இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை தோண்டி, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அரைக் கிலோ மண் ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். மொத்த ஈயம், மொத்த ஆர்செனிக், காட்மியம், பிஎச் (மண்ணின் அமில-காரத் தன்மை) என்று சொல்லிக் கேளுங்கள். சாதாரண உரப் பரிசோதனையில் இந்த உலோகங்கள் வராது. தென்னாப்பிரிக்காவின் 2014 விதிமுறைப்படி வீட்டு மண்ணில் ஈயத்துக்கு வரம்பு கிலோவுக்கு 230 மி.கி., முறைசாராக் குடியிருப்புக்கு 110. காய்கறிக்கு 110-ஐயே வைத்துக்கொள்வது நல்லது.

ஈயமோ காட்மியமோ மட்டும் கூடுதல் என்றால் சுண்ணாம்பு போட்டு பிஎச்சை 6.5-க்கு மேல் ஏற்றி, மக்கிய எருவைக் கலக்குங்கள். புளித்த (அமில) மண்ணில்தான் இவை கரைந்து வேருக்குப் போகும். ஈயம் வேரிலேயே தங்கிவிடும், காய்க்கு அவ்வளவாக ஏறாது. ஆகவே கத்தரி, வெண்டை, சுரை போடலாம். மடும்பி (சேப்பங்கிழங்கு), முள்ளங்கி வேண்டாம். காட்மியம் அப்படியல்ல, இலைக்கே ஏறும். கீரையை வேறிடத்தில் போடுங்கள்.

கம்பத்தடியில் இதே வைத்தியம் கெடுதல். பிஎச் ஏறினால் ஆர்செனிக் மண்ணை விட்டுக் கழன்றுவிடும். சூப்பர் பாஸ்பேட் உரம் போட்டால் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆர்செனிக்கை வெளியே தள்ளும். அங்கே அரை மீட்டர் விட்டு, அடியில் துணி விரித்து, 30 செ.மீ. உயரத்துக்கு வெளிமண் கொட்டிப் பாத்தி கட்டுங்கள். பாத்தியைச் சுற்றிய மரச்சட்டத்துக்கு அதே பச்சைக் கம்பத்தை வெட்டிப் போடுகிறவர்களும் உண்டு! மிஞ்சிய துண்டுகளை பிராய் (இறைச்சி சுடும்) அடுப்பில் எரிக்காதீர்கள். அந்தச் சாம்பலைக் கீரைக்குத் தூவுவது ஆர்செனிக்கையே தூவுவதுதான்.

கீரையில் வரும் ஈயத்தில் பெரும்பங்கு இலையில் ஒட்டிய மண். கோடை மழை அடிக்கும்போது கீழிலைகளின் அடிப்பக்கமும் காம்பிடுக்கும் செம்மண் பூசியதுபோல் ஆகிவிடும். கரும்புச் சோகையை 5 செ.மீ. பரப்புங்கள். வேரோடு பிடுங்காமல் இரண்டு விரற்கடை மேலே அறுங்கள். லிட்டருக்கு 10 மி.லி. வினிகர் விட்ட தண்ணீரில் அலசி, பிறகு வெறும் தண்ணீரில் இருமுறை கழுவுங்கள். பாத்திரத்தின் அடியில் மண் தங்குவது நிற்கும்வரை கழுவ வேண்டும்.