பண்டிகைக்கு நிறம் மாற்றும்போது பிடிபடும் டோக்கன் தவறுகள்

கோலாலம்பூரில் கைப்பேசிச் செயலி செய்பவர்களுக்கு ஆண்டு முழுக்கப் பண்டிகைதான். சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு, நோன்புப் பெருநாளுக்குப் பச்சை, தீபாவளிக்கு ஊதாவும் பொன்னிறமும் என்று முகப்பு மாறிக்கொண்டே இருக்கும். ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியிலிருந்து டிசைன் டோக்கன்களை, அதாவது நிறம், அளவு போன்றவற்றுக்குப் பெயரிட்டு வைத்த மதிப்புகளை, ஒழுங்காக எடுத்தார்களா என்பது அப்போதுதான் தெரியவரும்.

முதல் தவறு, சுட்டலை விட்டுவிட்டு மதிப்பை மட்டும் எடுப்பது. ஃபிக்மாவில் ஒரு வேரியபிள் (பெயரிட்ட மதிப்பு) இன்னொன்றைச் சுட்டலாம். பொத்தானின் பின்னணி ‘முதன்மை நிறம்’ என்பதைச் சுட்டும். அது ‘பச்சை 600’ஐச் சுட்டும். ஏற்றுமதி நிரல் இந்தச் சங்கிலியை அவிழ்த்து, கடைசி நிறக் குறியீட்டை மட்டும் ஜேசன் என்ற தரவுக் கோப்பில் எழுதினாலும் திரையில் எந்தக் குறையும் தெரியாது. சீனப் புத்தாண்டு வந்ததும் நிரலாளர் அந்தப் பச்சையைத் தேடித் தேடிச் சிவப்பாக்குவார். ‘பணம் செலுத்தப்பட்டது’ என்ற சரிக்குறியும் அதே பச்சைதானே! காசு கட்டியவர் சிவப்பைக் கண்டு பதறி மறுபடியும் கட்டுவார். இரண்டும் ஒரே நிறமாக அமைந்தது தற்செயல். இரண்டின் வேலை வேறு. அதைக் கோப்பில் சொல்வது சுட்டல் மட்டுமே. டோக்கன் கோப்பை நிரலாக மாற்றும் கருவியான ஸ்டைல் டிக்‌ஷனரியில் சிஎஸ்எஸ் (இணையப் பக்கத் தோற்ற மொழி) வெளியீட்டிலும் சுட்டல்களைக் காக்கும் அமைப்பு உண்டு. நாமாக இயக்காவிட்டால் அது வேலை செய்யாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

டோக்கனுக்குப் ‘பச்சைப் பொத்தான்’ என்று பெயர் வைப்பதும் இதே வம்புதான்.

அடுத்தது அலகு. ஃபிக்மாவின் எண் வேரியபிளில் 16 என்றால் வெறும் 16, அலகு கிடையாது. ஆண்ட்ராய்டில் எழுத்துக்கு எஸ்பி (பயனர் அமைத்த எழுத்தளவோடு மாறும் அலகு), இடைவெளிக்கு டிபி (அதோடு மாறாத அலகு). இரண்டையும் டிபி ஆக்கிவிட்டால், கைப்பேசியில் பெரிய எழுத்தை அமைத்திருக்கும் பாட்டிக்கு உங்கள் செயலியில் மட்டும் எழுத்து பெரிதாகாது. டிசைன் டோக்கன்ஸ் சமூகக் குழு 2025 அக்டோபரில் வெளியிட்ட முதல் நிலையான வரையறை, அளவு டோக்கனில் எண்ணோடு அலகையும் கேட்கிறது. நல்ல கண்டிப்பு.

நிறத்திலும் ஒரு பொறி: ஃபிக்மாவின் ஏபிஐ (பிற நிரல்கள் அதனிடம் தகவல் கேட்கும் வழி) சிவப்பு, பச்சை, நீலத்தை 0 முதல் 1 வரையிலான எண்களாகத் தரும். 0.2 என்பது 255 அளவுகோலில் 51. மாற்றாமல் விட்டால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும்.

நம் ஊருக்கே உரிய தவறு வரி உயரம். ஆங்கிலத் திரையை மட்டும் பார்த்து 16 பிக்சல் எழுத்துக்கு 18 பிக்சல் வரி உயரம் என்று எடுத்துவிடுகிறார்கள். மலாய்க்கும் அது போதும். தமிழுக்கு மாற்றினால் மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘ழு’வின் வாலும் அடுத்த வரியோடு முட்டும், சில இடங்களில் வெட்டுப்படும். வரி உயரத்தை 1.5 போன்ற விகிதமாக எடுங்கள்; தமிழுக்குத் தனி மதிப்பு வையுங்கள். ஃபிக்மாவில் மொழிக்கு ஒரு மோட் (அதே வேரியபிள்களுக்கான மாற்று மதிப்புத் தொகுப்பு) வைத்தால் போதும். ஏற்றுமதியில் முதல் மோட் மட்டும் வருகிறதா, எல்லாமே வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுமதியான கோப்பைக் கையால் திருத்தாதீர்கள். அடுத்த ஏற்றுமதியிலேயே அந்தத் திருத்தம் காணாமல் போகும்.