வாவியின் பின்பக்கம் இறங்கிப் பாருங்கள்: பழைய அணைக்கட்டை நாமே கவனிப்பது எப்படி

ஏப்ரல் சீசன் வந்தால் நுவரெலியா வாவிக் கரையில் நிற்க இடமிருக்காது. வருகிறவர்கள் எல்லோரும் தண்ணீர்ப் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு கட்டு நல்லா இருக்கிறதா என்பது மறுபக்கத்தில், புல்லுக்குள் இறங்கி அடிவாரம் வரைக்கும் போனால்தான் தெரியும்.

நுவரெலியாவின் அந்த வாவி, கிரகரி வாவி, 1873இல் கட்டியது. கண்டி வாவி அதைவிட மூத்தது, 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் கட்டியது. காசல்ரீ, மவுசாகலை போன்ற பெரிய நீர்த்தேக்கங்களைப் பார்த்துக்கொள்ளப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கவலை எல்லாம் தோட்டங்களுக்குள் இருக்கும் சின்ன வாவிகளைப் பற்றித்தான். வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலை ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, தண்ணீர் எடுக்கவும் டர்பைன் சுற்றவும் மண்ணைக் கொட்டி இறுக்கிக் கட்டினார்கள், இப்போது அதில் படகு விட்டு, ஓரத்தில் பங்களா கட்டி, சுற்றுலாக்காரர்களைக் கூட்டி வருகிறார்கள். தோட்டங்கள் 1970களில் அரசு கைக்குப் போய், 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறியதில், கட்டின் பழைய வரைபடம் எந்த அலமாரியில் கிடக்கிறது என்று கேட்டால் சொல்ல ஆளில்லாத இடங்கள் உண்டு. அதன் கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இருக்கின்றன, எங்கள் லயமும் அப்படித்தான்.

தேவையான சாமான் அதிகமில்லை. ஒரு கொப்பி, அளவு டேப், மூடியுள்ள ஜாம் போத்தல், ஐந்து லீட்டர் வாளி, போட்டோ எடுக்க போன். அட்டைக்காகக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் போக வேண்டாம். மாதம் ஒருமுறை போனால் போதும், ஆனால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் காயும் நாட்களில் ஒரு தரமாவது கட்டாயம் போங்கள். சுற்றியுள்ள மானாப்புல் எல்லாம் காய்ந்து பழுப்பாக நிற்கும்போது, கட்டின் அடியில் ஒரு பாய் அளவு இடம் மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தால், அங்கேதான் தண்ணீர் வெளியே வருகிறது. மழைக்காலத்தில் எல்லாமே ஈரம் என்பதால் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கசிவு இருந்தாலே ஆபத்து என்று பதற வேண்டாம். மண் கட்டு என்றால் கொஞ்சம் கசியும். பார்க்க வேண்டியது இரண்டு விஷயம்: தண்ணீர் தெளிவா கலங்கலா, போன மாதத்தை விடக் கூடியிருக்கிறதா.

போன வருஷம் கட்டின் அடியில் ஓர் இடத்தில் என் சுண்டு விரல் தடிப்புக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கையில் அள்ளிப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஜாம் போத்தலில் பிடித்து வந்து ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். காலையில் போத்தலின் அடியில் தேத்தூள் மாதிரி மெல்லிய மண் படிந்திருந்தது, விரல் நகத்தின் தடிப்புக்கூட இல்லை. ஆனால் அந்த மண் கட்டுக்குள்ளே இருந்து வந்த மண். தண்ணீர் உள்ளே வழி அறுத்துக்கொண்டு, ஒவ்வொரு துகளாக வெளியே கொண்டு வருகிறது, வழி பெரிதாகப் பெரிதாக இன்னும் வேகமாக அறுக்கும், கடைசியில் உள்ளே ஒரு குகையே உண்டாகி மேல் மண் இடிந்து விழும். அடியில் எறும்புப் புற்று மாதிரி சின்னக் குவியலாக மணல் சேர்ந்து, நடுவில் தண்ணீர் கொதிப்பது போலப் பொங்கினால் அது இதே வேலையின் முற்றிய நிலை. அமெரிக்காவில் டீட்டன் என்ற புத்தம் புதிய மண் அணையில் 1976 ஜூன் 5ஆம் திகதி காலையில் கலங்கல் கசிவைக் கண்டார்கள், பகல் பன்னிரண்டு அடிக்குமுன் அணை போய்விட்டது. நம் நாட்டில் கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20ஆம் திகதி உடைந்தது, அதிகாலையில், ஊர் தூங்கும் நேரத்தில். நூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

அதனால் போத்தலில் பிடியுங்கள், திகதி எழுதி ஒட்டுங்கள், அடுத்த மாதம் பிடித்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாளி நிறைய எத்தனை செக்கன் எடுக்கிறது என்று கொப்பியில் எழுதுங்கள், வாவியின் நீர்மட்டம் அன்று எங்கே இருந்தது என்பதையும் சேர்த்து. மட்டம் ஏறினால் கசிவு கூடுவது இயல்பு. மட்டம் அப்படியே இருக்க, கசிவு மட்டும் கூடினால்தான் பேச வேண்டிய விஷயம்.

மதகுக் குழாய் வெளியே வரும் இடத்தை விசேஷமாகப் பாருங்கள். பழைய வார்ப்பிரும்புக் குழாய் கட்டின் வயிற்றுக்குள்ளே துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் வெளியிலிருந்து தெரியாது. மதகு மூடியிருக்கும்போதும் குழாயைச் சுற்றி, அதாவது குழாய்க்கும் மண்ணுக்கும் இடையில், தண்ணீர் வந்தால் உடனே சொல்ல வேண்டும். மதகை நீங்களே திருப்பிப் பார்க்காதீர்கள். துருப்பிடித்த கதவு திறந்த பிறகு மூடாமல் போகலாம், அதோடு வாவியைச் சடாரென்று இறக்கினால் ஈரமாயிருக்கும் உள்பக்கச் சரிவு சரிந்து விழும்.

மரங்கள். கட்டின் மேல் யூக்கலிப்டஸ் வளர்ந்து நின்றால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் காற்றில் சாய்ந்தால் வேரோடு ஒரு லொறி மண்ணைப் பிடுங்கிக்கொண்டு போகும். வெட்டினால் பிரச்சினை தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள், அடிக்கட்டை உள்ளே உக்கிப்போனால் வேர் இருந்த இடமெல்லாம் தண்ணீருக்கு வழி. அதனால் இளசாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும், பெரிய மரத்தைப் பொறியியலாளரிடம் கேட்டுத்தான் தொட வேண்டும். முள்ளம்பன்றிப் பொந்து, காட்டுப்பன்றி கிளறிய இடம், கரையான் புற்று எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு மம்பட்டியை வைத்து எடுத்தால் அளவு புரியும்.

வெடிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டுக்குக் குறுக்கே ஓடும் வெடிப்பு தண்ணீருக்கு வழி கொடுக்கும். கட்டின் நீளவாக்கில் பிறை மாதிரி வளைந்து ஓடினால் சரிவு இறங்கப் பார்க்கிறது. இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆணி அடித்து, இடைவெளியை மாதாமாதம் அளந்து எழுதுங்கள். கட்டின் மேல் நின்று வேலிக் கம்பங்களை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராகப் பார்த்தால் எங்கே பதிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் வான். மிதமிஞ்சிய தண்ணீர் வெளியே போக இருக்கும் ஒரே வழி அது. மேலே மரக்கறித் தோட்டங்களிலிருந்து மண் அடித்து வந்து வாவி பாதி தூர்ந்திருந்தால், ஒரே இரவு மழையில் மட்டம் ஏறிவிடும். அந்த நேரத்தில் வான் திறந்திருக்க வேண்டும். நம்மூரில் நடப்பது என்ன? சீசனில் படகு தரை தட்டாமல் இருக்க வானின் குறுக்கே பலகை வைத்து மட்டத்தை உயர்த்துகிறார்கள், மீன் ஓடாமல் வலை கட்டுகிறார்கள், அதில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் போத்தலும் வந்து அடைக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் பணக்காரர்களின் மீன்பிடி கிளப் ஒன்று இதைத்தான் செய்தது. சவுத் ஃபோர்க் அணையின் வானில் மீன் போகாமல் கம்பித் தடுப்பு, வண்டி போக வசதியாகக் கட்டின் மேற்புறத்தைத் தாழ்த்தியது, கழற்றி எடுத்த வடிகால் குழாய்களைத் திரும்பப் போடாதது. 1889 மே 31ஆம் திகதி பெருமழையில் தண்ணீர் கட்டுக்கு மேலால் வழிந்து, மண் கட்டு அறுந்து, கீழே ஜோன்ஸ்டவுனில் 2,200 பேருக்கு மேல் செத்தார்கள். மண் கட்டுக்கு மேலால் தண்ணீர் வழியவே கூடாது. வானில் பலகையைக் கண்டால் போட்டோ எடுத்து அன்றைக்கே சொல்லுங்கள், சீசன் முடியட்டும் என்று இருக்காதீர்கள்.

யாரிடம் சொல்வது? முதலில் கட்டு யாருடையது என்று கண்டுபிடியுங்கள்: தோட்டக் கம்பனியா, மாநகர சபையா, பிரதேச சபையா, நீர்ப்பாசனத் திணைக்களமா. கிராம சேவகரிடம் கேட்டால் வழி கிடைக்கும். வாயால் சொன்னது காற்றோடு போகும். நான் முதலில் தோட்ட ஆபீசில் வாயால்தான் சொன்னேன், மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு போட்டோவும் கொப்பிக் கணக்கும் சேர்த்துத் தமிழிலேயே கடிதம் எழுதி, பிரதேச செயலகத்திலும் ஒரு பிரதி கொடுத்து, என் பிரதியில் திகதி முத்திரை வாங்கினேன். இரண்டு வாரத்தில் ஆள் வந்து பார்த்தார்கள். அரச நிறுவனம் என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், அறிக்கை எங்கே என்று கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

மழை கடுமையானால் தோட்ட ஆபீசின் மழைமானிக் கணக்கைக் கேளுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினாலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு முதல் எச்சரிக்கை கொடுக்கும், அதையே கட்டைப் பார்க்கவும் அளவாக வைத்துக்கொள்ளலாம். அந்த மழையில் கட்டின் மேல் ஏறி நிற்காதீர்கள், பக்கத்து மேட்டிலிருந்து பாருங்கள். கலங்கல் தண்ணீர் பீறிட்டாலோ, கட்டின் மேல் குழி விழுந்தாலோ, வாவிக்குள் தண்ணீர் சுழித்தாலோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 அடியுங்கள். அடித்துக்கொண்டே ஆட்களை எழுப்புங்கள், காலையில் ஆளெடுக்கும் பிரட்டுக் களத்து மணி, கோயில் ஒலிபெருக்கி, கையில் எது கிடைத்தாலும் சரி. ஆற்றோரப் பாதையில் கீழ்நோக்கி ஓட வேண்டாம், தண்ணீரும் அதே பாதையில்தான் வரும். பக்கவாட்டில் தேயிலை மலைக்குள் மேலே ஏறுங்கள். எந்த லயத்தார் எந்தப் பாதையால் ஏறுவது, நடக்க முடியாத கிழவர்களை யார் தூக்குவது என்று வெயில் நாள் ஒன்றில் பேசி, ஒரு தரம் நடந்தும் பாருங்கள். எங்கள் லயத்திலிருந்து மேட்டுக்கு ஏற எனக்கு நாலு நிமிஷம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் பதினொன்று.