வெளிவராத பாட்டு என்று ஒரு கசெற் கிடைத்தால்

மாங்குளத்தில் ரேடியோ திருத்துகிறேன். பழைய கசெற்றைத் தூக்கிக்கொண்டு "இது பீற்றில்ஸ் வெளியிடாத பாட்டு" என்று வருகிறவர்கள் இடைக்கிடை உண்டு. பீற்றில்ஸ் என்றால் அறுபதுகளின் இங்கிலாந்து இசைக்குழு. எனக்கும் அந்த விசர் இருக்கிறது. சின்ன மாமாவின் பெட்டியில் இருந்த ஒன்றில் "பீற்றில்ஸ், வெளிவராதது, மல்லாவி 94" என்று எழுதியிருந்தது. அதை வைத்தே சொல்கிறேன்.

கிடைத்தவுடன் போட்டுக் கேட்காதீர்கள். நாடாவுக்குப் பின்னால் செப்புத் தகட்டில் ஒட்டிய சின்னப் பஞ்சுத் துண்டைப் பாருங்கள். எங்கள் வெக்கைக்கு அதன் பசை காய்ந்து விழுந்துவிடும், பிறகு சத்தம் போர்வைக்குள் இருந்து வருவதுபோல வரும். வேண்டாத கசெற் ஒன்றில் இருந்து கழற்றி ஒட்டலாம். வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால், துடைக்காமல் ஓட்டவே கூடாது. அடுத்து போடுகிற கசெற்றுக்கும் தொற்றிவிடும்.

சரி, இனி கணினிக்கு ஏற்றுவது. பிளேயரைப் பற்றறியில் ஓட்டுங்கள், மடிக்கணினியின் சார்ஜரையும் கழற்றுங்கள். கரண்டில் போட்டால் உங்கள் வீட்டுக் கரண்டின் 50 ஹேர்ட்ஸ் (வினாடிக்கு 50 அதிர்வு) இரைச்சல்தான் பதிவாகும். நாங்கள் தேடுவது முன்பு பிரதி எடுத்தபோது நாடாவுக்குள் பதிந்த பழைய கரண்ட் இரைச்சலை. நாடா சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று அதுதான் காட்டும்.

ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அலைவரிசைப் படத்தைத் திறந்தேன். 48 ஹேர்ட்ஸில் ஒரு முனை, அதுதான் அந்தப் பழைய இரைச்சல். இங்கிலாந்திலும் இலங்கையிலும் மின்சாரம் 50, அமெரிக்காவில் 60. அமெரிக்கப் பிரதி என்றால் ஓட்டம் நூற்றுக்கு 20 குறைந்திருக்க வேண்டும், அப்படியானால் பாடகர் தூக்கத்தில் உளறுவதுபோல இருக்கும். ஆகவே அது 50 தான், நாடா நூற்றுக்கு 4 மெதுவாக ஓடுகிறது. சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவில் பாட்டுக் கேட்ட ஆட்களுக்கு இது புதிதில்லை, கை சளைத்தால் பாடகரும் சளைப்பார்.

இன்னொன்று. 94 இல், சண்டைக் காலத்தில், மல்லாவியில் ஏது கரண்ட்? மாமா கார் பற்றறியில்தான் பிரதி எடுத்தாராம். பற்றறியில் அந்த இரைச்சல் வராது. அப்படியென்றால் அது அவருக்கு முன்னைய பிரதியில் இருந்து வந்தது. லேபிளை நம்பாமல், யாரிடம் யார் வாங்கினார்கள் என்று கேட்கச் சொல்வது இதற்குத்தான்.

வேகத்தைத் திருத்திய பிறகு பெயரைத் தேடுங்கள். மார்க் லூயிசன் 1988 இல் வெளியிட்ட நூலில், ஈ.எம்.ஐ. என்ற இசைத்தட்டுக் கம்பனியில் பீற்றில்ஸ் செய்த பதிவுகள் நாள்வாரியாக இருக்கின்றன. அதில் இல்லாவிட்டால் பொய் என்று முடிவெடுக்க வேண்டாம். பீற்றில்ஸ் பாடகர் ஜோன் லெனன் வீட்டில் கசெற்றில் பாடி வைத்த 'நவ் அண்ட் தென்' 2023 இல்தானே வந்தது. ஆனால் 'கொலைடிங் சேர்க்கிள்ஸ்', 'பிங்க் லிட்மஸ் பேப்பர் ஷேர்ட்' என்று லேபிளில் இருந்தால் சிரித்துவிட்டு வையுங்கள். மார்ட்டின் லூயிஸ் என்பவர் பகிடிக்கு, வெளிவராத பாட்டுகளின் பட்டியலில் நுழைத்த பெயர்கள் அவை.

உண்மையாகவே வெளிவராதவையும் உண்டு. 1967 ஜனவரி 5 இல் பதிவான 'கார்னிவல் ஒஃப் லைட்', 13 நிமிடம் 48 வினாடி. 1968 ஜூலை 18 இல் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' பாட்டை 27 நிமிடத்துக்கு மேல் இழுத்த பதிவு. இவை முழுதாகக் கையில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் காசை எடுக்காதீர்கள்.

மாமாவின் பாட்டு? 'ஹாவ் யூ ஹேர்ட் த வேர்ட்'. த ஃபட் என்ற பெயரில் 1970 இல் வந்த இசைத்தட்டு, பீ ஜீஸ் என்ற வேறு இசைக்குழுவின் மொரிஸ் கிப் சேர்ந்து செய்தது. குரல் லெனனைப் போலவே இருக்கும். 1985 இல் லெனனின் மனைவி யோகோ ஓனோவே அதை லெனனுடையது என்று பதிவு செய்யப் போனாராம், மாமா ஏமாந்ததில் என்ன பிழை?

பழைய லேபிளைக் கிழிக்காதீர்கள். கண்டுபிடித்ததை வேறு துண்டில் எழுதி உறைக்குள் வையுங்கள். மாமாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.