இதயத்தில் மின்னலையின் வேகம்: கணக்கு எங்கே சறுக்குகிறது?

தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் இதயத் தசைமேல் இரண்டே எலக்ட்ரோடுகளை (மின் சிக்னலைப் பதியும் சிறு முனைகளை) வைத்து, தசையைச் சுருங்கவைக்கும் மின்னலைக்கு இதைப் போட்டால், விடை பெரும்பாலும் நிஜத்தைவிடக் கூடுதலாகவே வரும்.

அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது அந்த இரண்டுக்கும் தெரியாது. இடைவெளி 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓடும் அலை, அவற்றை இணைக்கும் கோட்டுக்கு 60 டிகிரி சாய்வாக வந்தால் நேர வித்தியாசம் 3.3 மில்லிவினாடிதான். வகுத்துப் பார்த்தால் 1.2 மீட்டர், அதாவது இரட்டிப்பு! ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளாவது வேண்டும்.

புள்ளிகள் நெருக்கமாக இருந்தால், 1998-ல் பெய்லி குழுவினர் வெளியிட்ட முறை கைகொடுக்கும். அக்கம்பக்கத்துப் புள்ளிகளில் அலை வந்துசேர்ந்த நேரங்களுக்கு ஒரு வளைபரப்பைப் பொருத்தி, அதன் சரிவிலிருந்து வேகத்தையும் திசையையும் எடுப்பார்கள். இதை எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதுதான் அடுத்த தவறு. இரண்டு அலைகள் மோதும் இடத்தில் சரிவு ஏறக்குறைய பூஜ்யமாகி, வேகம் தாறுமாறாக எகிறும். அலை தடைபட்ட கோட்டிலோ நேர்மாறு: மென்பொருள் வேகப் படத்தில் அங்கே ‘மெதுவான கடத்தல்’ என்று வண்ணம் தீட்டிவிடும். உண்மையில் அலை அதைத் தாண்டவே இல்லை, சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்திருக்கிறது. எங்கே அப்லேஷன் (கோளாறுக்குக் காரணமான தசைப்பகுதியைச் செயலிழக்க வைக்கும் சிகிச்சை) செய்வது என்று அந்தப் படத்தைப் பார்த்து முடிவெடுப்பவருக்கு இது சின்ன வித்தியாசமல்ல. பரப்பு சரியாகப் பொருந்தாத புள்ளிகளைக் கழித்துவிடுங்கள். படத்தில் ஓட்டை விழுந்தாலும் பரவாயில்லை.

நேரக் குறிப்பிலும் கவனம் வேண்டும். ஒற்றைமுனைப் பதிவில் (தசைமேல் ஒரே எலக்ட்ரோடு, ஒப்பீட்டு முனை தொலைவில்) அலை வந்த கணம், சிக்னல் மிகச் செங்குத்தாகக் கீழிறங்கும் இடம். பக்கத்துப் பக்கத்து இரண்டு எலக்ட்ரோடுகளின் வித்தியாசத்தை எடுக்கும் இருமுனைப் பதிவின் வடிவமோ எலக்ட்ரோடு ஜோடி நிற்கும் கோணத்தைப் பொறுத்து மாறும். இரண்டையும் ஒரே படத்தில் கலக்காதீர்கள். வினாடிக்கு 1000 மாதிரிகள் (மில்லிவினாடிக்கு ஓர் அளவீடு) போதும் என்பதும் சந்தேகத்துக்குரியது: 2 மி.மீ. இடைவெளியை இதே அலை நேராக வந்தால் 3.3 மில்லிவினாடியில் கடக்கும், நீங்கள் 3 அல்லது 4 என்றுதான் படிப்பீர்கள். வேகம் வினாடிக்கு 0.67 அல்லது 0.5 மீட்டர் என்று வரும்.

‘சராசரி வேகம்’ என்று ஒற்றை எண்ணைத் தருவதை நான் நம்புவதில்லை. தசைநார் ஓடும் திசையில் அலை, குறுக்குத் திசையைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகப் போகும். இதயத் துடிப்பு வேகமானாலும் கடத்தல் மந்தமாகலாம். ஆகவே இரண்டு இதயங்களை ஒப்பிடும்போது, எந்தத் திசையில், எந்தத் துடிப்பு வேகத்தில் அளந்தது என்பதையும் எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்.