செவன் வகை கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே கட்டும் வண்டி): நான்கு சக்கரத்து எடையைச் சமன் செய்வது

காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன், 1973-இல் அதன் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம், அந்த அச்சிலேயே வீட்டில் கட்டும் லோகாஸ்ட் எல்லாமே ஏறக்குறைய 500–600 கிலோ வண்டிகள். 80 கிலோ ஆள் உட்கார்ந்தாலே மொத்த எடையில் எட்டில் ஒரு பங்கு ஒரே பக்கம் சேர்ந்துவிடும். பிரேக் அடித்தால் ஒரு முன்சக்கரம் மட்டும் லாக் ஆகிறதா? ஒரு பக்கம் நன்றாகத் திரும்பி, மறுபக்கம் வழுக்குகிறதா? பிரேக்கைப் பிரிக்கும் முன் எடையைப் பாருங்கள்.

முதலில் விஷ்போன் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கவை வடிவக் கை) மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகள். சக்கரம் தொங்கும்போதே இவற்றை முறுக்கிவிடுவதுதான் கட்டுபவர்கள் அதிகம் செய்யும் தவறு. வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு இன்னொரு ஸ்பிரிங் போல வேலை செய்யும். எந்த அளவும் நிலைக்காது. தளர்த்தி, சக்கரம் தரையில் இருக்கும்போது மறுபடி முறுக்குங்கள்.

எடை பார்க்கும் முன் தயார் செய்ய வேண்டியவை: சரியான டயர் காற்று, அரை டேங்க் பெட்ரோல், சீட்டில் ஓட்டுநர் எடைக்கு மணல் மூட்டை, ஸ்டீயரிங் நேராக. ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) இருந்தால் ஒரு பக்க லிங்க்கைக் கழற்றிவிடுங்கள். நான்கு எடைமேடைகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் பிசகினாலும் கணக்கு பொய்யாகும். ஜாக்கிலிருந்து இறக்கியதும் டயர் பக்கவாட்டில் இறுகி நிற்கும். டயருக்கடியில் இரண்டு தகடு, நடுவில் கிரீஸ் வைத்தால் அது விடுபடும்.

ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தாங்கும், மரையில் திருகி ஏற்றி இறக்கும் தட்டைத் திருப்பி, உயரத்தை முதலில் முடியுங்கள். முன்பக்கம் பின்பக்கத்தைவிட 10–15 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும். சம்ப் (இன்ஜினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) தரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் அளந்துவிடுங்கள். பல வண்டிகளில் வேகத்தடையில் முதலில் இடிபடுவது அதுதான்.

பிறகு எடை. வலப்பக்க ஸ்டீயரிங் வண்டி ஒன்றில் இப்படி வருகிறது என்று வையுங்கள்: முன் இடது 132, முன் வலது 148, பின் இடது 154, பின் வலது 186, மொத்தம் 620 கிலோ. முன் வலது, பின் இடது மூலைகளைக் கூட்டினால் 302. மற்ற இரண்டும் 318. இரு மூலைவிட்டங்களும் 310-க்கு வர வேண்டும். ஒரு ஸ்பிரிங் தட்டை ஏற்றினால் அந்த மூலையிலும் அதற்கு எதிர்மூலையிலும் எடை கூடும். எனவே முன் வலது, பின் இடது தட்டுகளை அரைச் சுற்று ஏற்றி, மற்ற இரண்டையும் அரைச் சுற்று இறக்குங்கள். நான்கையும் சேர்த்துத் திருப்பினால்தான் உயரம் கெடாது. ஒவ்வொரு முறையும் வண்டியை அமுக்கிவிட்டு, அது அடங்கிய பிறகு எடையைப் படியுங்கள்.

இடது வலது மொத்தத்தை ஸ்பிரிங்கால் மாற்ற முடியாது. அதற்கு பேட்டரியை ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம் நகர்த்துவதுதான் வழி. தட்டின் மரையில் மண் இருந்தால் அலுமினியம் கவ்விக்கொள்ளும்; அதைத் திருப்பும் சி வடிவ ஸ்பானரைப் போடும் முன் பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் விடுங்கள்.

தட்டு திரும்பாமல் பிடிக்கும் லாக் வளையத்தை இறுக்கியபின் ஆன்டி ரோல் பார் லிங்க்கை, ஆள் எடை சீட்டில் இருக்கும்போதே, இழுவை இல்லாத நீளத்துக்குத் திருகி மாட்டுங்கள். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருப்பது), கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருப்பது) இரண்டையும் கடைசியில் பாருங்கள்; உயரம் மாறினால் இரண்டும் மாறும்.